கிரேக்கக் கதைகளைக் குழந்தைகளிடம் எங்கிருந்து தொடங்குவது?

மார்ச் 8, வாசகர் கேள்வி

மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் யாரோ ஸீயஸ், பொசைடன் என்று சொல்லிவிட, தினமும் வீட்டுக்கு வந்து கேட்டுத் துளைக்கிறாள். எனக்குத் தொட்டதெல்லாம் பொன்னாகும் மைடாஸ் ராஜா கதையைத் தாண்டி ஒன்றும் தெரியாது. இணையத்தில் தேடினால் எடுத்த எடுப்பிலேயே ஒரு தகப்பன் பெற்ற பிள்ளைகளை விழுங்குகிறான். இதையெல்லாம் குழந்தைகளிடம் சொல்லலாமா? எங்கே தொடங்குவது? நம் பாரதமே பாதிதான் தெரியும், அதற்குள் இது அவசியமா?

மார்ச் 8, இரவு

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிள்ளை கேட்டாகிவிட்டது. அவசியமா என்று ஆராயும் கட்டம் தாண்டிவிட்டது.

தொடங்க வேண்டிய இடம் கடவுளர் குடியிருக்கும் ஒலிம்பஸ் மலை இல்லை. பன்னிரண்டு கடவுளரின் வம்சாவளிப் படத்தைச் சுவரில் ஒட்டித் தொடங்கும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்தில் பிள்ளைக்குப் பெயர்கள் மனப்பாடம் ஆகும், கதை ஒன்றுகூடத் தங்காது. நீங்கள் பாலிஃபீமஸின் குகையில் தொடங்குங்கள். ஒற்றைக்கண் அரக்கன், வாயிலை அடைக்கும் பாறை, உள்ளே டிராய்ப் போர் முடிந்து ஊர் திரும்பும் ஒடிசியஸும் பன்னிரண்டு ஆட்களும். அரக்கன் வேளைக்கு இரண்டு பேராகத் தின்கிறான். பாறையை அவனைத் தவிர யாராலும் நகர்த்த முடியாது. ஆகவே அவன் தூங்கும்போது கொன்றாலும் வெளியேற வழியில்லை. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கதை சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு அவர்கள் அடிக்கும் கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மாடிக்கே வந்துவிட்டார்.

ஒடிசியஸ் அரக்கனின் கண்ணைக் குருடாக்கிய பிறகு வரும் ஒரு சிறு காட்சியைப் பல சிறுவர் பதிப்புகள் வெட்டிவிடுகின்றன. ஒடிசியஸ் பெரிய கடாவின் வயிற்று ரோமத்தைப் பற்றித் தொங்கிக்கொண்டு தப்புகிறான். வழக்கமாக மந்தைக்கு முன்னால் ஓடும் கடா, பாரத்தால் கடைசியாக வருகிறது. அரக்கன் அதைத் தடவிக்கொடுத்து, இன்றைக்கு ஏன் கடைசியில் வருகிறாய், உன் எஜமானின் கண் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்கிறான். அதுவரை அவனைக் கொல்லச் சொல்லிக் கத்திய பிள்ளைகள் சட்டென்று அடங்கிப்போனார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள்: "அத்தை, இவர்கள்தானே அவன் வீட்டுக்குள் கேட்காமல் போய் பாலாடைக்கட்டியைத் தின்றார்கள்?" அன்றைக்குக் கதை அதற்குமேல் நகரவில்லை.

மார்ச் 9

"ஸீயஸின் லீலைகளை என்ன செய்வீர்கள்?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். எட்டு வயதில் அவற்றைத் தொடுவதே இல்லை. ஸீயஸுக்குப் பல மனைவியர், பல பிள்ளைகள், பட்டத்தரசி ஹீராவுக்குக் கோபம், அவ்வளவு போதும். தசரதனுக்கு எத்தனை மனைவியர் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதில் மயங்கி விழமாட்டார்கள்.

ஆனால் இந்தக் கவலை ஒன்றும் புதிதல்ல. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ இதே கவலையைக் 'குடியரசு' நூலில் எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகளை விழுங்கிய அந்தத் தகப்பன், ஸீயஸின் அப்பா குரோனஸ், தன் தகப்பனுக்குச் செய்த கொடுமை, மகனிடம் தான் பட்ட பாடு இவையெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் இளையவர்களிடம் சொல்லக்கூடாது என்கிறார் அதில் வரும் சாக்ரடீஸ். சொல்லியே தீரவேண்டுமென்றால் மிகச் சிலருக்கு மட்டும், இரகசியமாக, அதுவும் பன்றி மாதிரி சாதாரணப் பலி கொடுத்துவிட்டு அல்ல, கிடைப்பதற்கரிய பெரிய பலி ஒன்றைக் கொடுத்த பிறகே கேட்க வேண்டுமாம். கேட்கும் கூட்டம் குறையுமே என்ற கணக்கு.

கடலில் மூழ்கியதாகச் சொல்லும் அட்லாண்டிஸ் தீவின் கதையைக் கிளப்பிவிட்டவரும் இதே பிளேட்டோதான். காணொளிகளில் இன்றுவரை அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 11

"இறந்துபோன மதம், அதனால் தாராளமாகச் சொல்லலாம்" என்கிறார் இன்னொருவர். பாதி சரி. ஸீயஸ் செய்தது அநியாயம் என்று ஒரு பிள்ளை சொன்னால் யார் மனமும் புண்படாது. பிராமித்தியஸ் மனிதனுக்கு நெருப்பைக் கொடுத்ததற்கு மலையில் கட்டிப்போட்டுக் கழுகை விட்டு ஈரலைத் தின்ன வைப்பதா என்று அவர்கள் கொதிக்கலாம். அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம்.

ஆனால் பழகிய வாய் அங்கேயே நிற்காது. சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் ஒரு பையன், மறைந்திருந்து வாலியைக் கொன்றது மட்டும் சரியா என்று கேட்டான். அவன் பாட்டி அருகில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரம் பையன் வரவில்லை. மூன்றாம் வாரம் பாட்டியே அழைத்துவந்தார், வாலியே இராமனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான் என்று பதிலோடு. கம்பனில் அந்த விவாதம் பக்கம் பக்கமாக இருக்கிறது. பாரதம் பாதி தெரியும் என்று கவலைப்பட்டவருக்கு இதையே பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 15

மைடாஸ் கதையில் மகள் பொன்னாகும் இடம்தான் உருக்கமானது என்று எழுதியிருக்கிறீர்கள். உருக்கம்தான், ஆனால் அது கிரேக்கமும் இல்லை, ரோமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் ஹாத்தோர்ன் சிறுவர்களுக்காகக் கதையைத் திருப்பிச் சொன்னபோது சேர்த்துக்கொண்ட மகள் அவள். ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் கதையில் ரொட்டியும் மதுவும் பொன்னாகின்றன, அரசன் பசியில் தவிக்கிறான், அவ்வளவே. மகளைச் சேர்த்தே சொல்லுங்கள், குற்றமில்லை. கதை சொல்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் செய்ததுதான்.

நான் அதைவிட ஆற்றைப் பிடித்துக்கொள்வேன். வரத்தைக் கழுவிப்போக்க மைடாஸ் பாக்டோலஸ் ஆற்றில் குளிக்கிறான். அதிலிருந்து ஆற்று மணலில் பொன் கிடைக்கிறது என்கிறது கதை. ஆறு உண்மையானது. இன்றைய துருக்கியில், பழைய லிடியா நாட்டின் தலைநகர் சார்டிஸ் வழியாக ஓடியது. அதன் மணலில் பொன் உண்மையாகவே கிடைத்தது. அந்த லிடியாவில்தான் மேற்கு உலகின் முதல் நாணயங்கள் அச்சடிக்கப்பட்டன. கதையைச் சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து வைத்தேன். பெரிய பிள்ளைகளுக்குக் கண் விரிந்தது. சின்னவர்கள் அந்த ரூபாயைக் கேட்டார்கள்.

மார்ச் 15, சற்றுப் பிறகு

மறந்துவிட்டேன். அதே மைடாஸுக்குத்தான் பிற்பாடு கழுதைக் காது முளைக்கிறது. இசைப் போட்டியில் அப்பல்லோ கடவுளே வென்றார் என்ற தீர்ப்பை மறுத்ததற்குத் தண்டனை. முடிவெட்டுகிறவன் இரகசியத்தை அடக்க முடியாமல் குழி தோண்டி அதில் சொல்லி மூடுகிறான், அங்கே முளைத்த நாணல் காற்றில் அதையே சொல்கிறது. நான் குழி வரைதான் போனேன். "ராஜா காது கழுதைக் காது!" என்று மொத்தக் கூட்டமும் முடித்துவைத்தது.

மார்ச் 23

"கதை சரி, நாகரிகத்தை எப்படிச் சொல்வது? தேதிகள் ஏறவில்லை" என்ற கேள்விக்கு. தேதியை விடுங்கள், பொருளைக் காட்டுங்கள்.

ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவில் கிடைத்தவற்றை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு சுட்டமண் சாதனம் இருக்கிறது. உயரமான அடிப்பாகம், மேலே கிண்ணம், கால்களை வெளியே நீட்ட ஓட்டை. குழந்தையை மலம் கழிக்க உட்கார வைக்கும் ஆசனம். அதன் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். தோசைக்கல் அடுப்பு, பூந்தொட்டி, தலைக்கவசம் என்று பதில்கள். விடையைச் சொன்னதும் கிளம்பிய சிரிப்பு அடங்க வெகுநேரமானது. ஏதென்ஸின் பெரிய கோயிலான பார்த்தினானைப் பற்றி நான் சொன்ன எதுவும் இந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை. சாக்ரடீஸும் இப்படி ஒன்றில் உட்கார்ந்திருப்பாரா என்று இப்போதும் கேட்கிறார்கள்.

அடுத்தது ஐந்தாங்கல். கிரேக்கச் சிறுமிகள் ஐந்து கற்களையோ ஆட்டின் கணுக்கால் எலும்புகளையோ மேலே வீசிப் புறங்கையில் ஏந்தி விளையாடினார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பொல்லக்ஸ் என்பவர் தம் அகராதியில் ஆட்ட முறையையே எழுதியிருக்கிறார்: புறங்கையில் நிற்காமல் விழுந்தவற்றை, நின்றவை கீழே விழாமல் விரலால் பொறுக்க வேண்டும். இதைப் படித்துக் காட்டியதும் எங்கள் சிறுமிகள் இருவர் உடனே கூழாங்கல் பொறுக்கப் போய்விட்டார்கள். விளையாடுவது நம் ஆட்டமா அவர்கள் ஆட்டமா என்று அவர்களுக்குள் சண்டை. அங்கிருந்து இங்கு வந்ததா, இங்கிருந்து அங்கு போனதா என்று பெரியவர்களும் கேட்பார்கள். கல்லும் கையும் இருக்கும் இடமெல்லாம் இப்படி ஓர் ஆட்டம் தானாகவே உண்டாகலாம்.

அந்தக் கணுக்கால் எலும்பிலிருந்து நேரே, டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்துக்குள் போகலாம். அதன் நாயகன் அக்கிலிஸின் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸ் சிறுவயதில் இந்த எலும்பாட்டத்தில் கோபம் வந்து உடன் விளையாடிய பையனைக் கொன்றுவிடுகிறான். அதனால்தான் தகப்பன் அவனை ஊரைவிட்டு அக்கிலிஸின் வீட்டுக்கு அழைத்துவருகிறான். வேண்டுமென்று செய்யவில்லை என்று இறந்த பிறகு ஆவியாக வந்தும் சொல்கிறான். விளையாட்டில் அழுகுணி ஆட்டம் ஆடும் ஒருவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெயர் வேண்டாம்.

மார்ச் 24

வெள்ளைப் பளிங்குச் சிலைகளைக் காட்டும்போது ஒரு வார்த்தை சேருங்கள்: அவை வெள்ளையாக இருந்ததில்லை. சிவப்பு, நீலம், பொன் என்று வண்ணம் பூசித்தான் வைத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டு மழையிலும் மண்ணிலும் வண்ணம் போய்விட்டது. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இதை நம்புவது கடினமாம். எங்கள் ஊர் மதுரை. ஜன்னலைத் திறந்து கோபுரத்தைக் காட்டினேன், வேலை முடிந்தது.

மார்ச் 30

"மக்களாட்சியைக் கண்டுபிடித்தவர்கள் என்று சொல்லிக்கொடுங்கள்" என்று ஆணித்தரமாக ஒருவர். சொல்லுங்கள், ஆனால் யாருக்கு வாக்கு என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பெண்களுக்கு இல்லை, அடிமைகளுக்கு இல்லை, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இல்லை. லாரியன் சுரங்கத்தில் அடிமைகள் குனிந்தும் தவழ்ந்தும் வெட்டியெடுத்த வெள்ளிதான் ஏதென்ஸின் போர்க்கப்பல்களாயிற்று, கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்றது அந்தக் கப்பல்கள்தான். இதை மறைத்துவிட்டுக் கொடுக்கும் ஏதென்ஸ் பொய்.

நாங்கள் செய்தது ஓட்டுச்சில் ஆட்டம். ஏதென்ஸில் ஆண்டுக்கு ஒருமுறை, யாராவது அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதாக மக்களுக்குத் தோன்றினால், உடைந்த பானைச் சில்லில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். ஆறாயிரம் சில்லுகள் சேர வேண்டும். அதிகம் பெயர் வந்தவர் பத்து ஆண்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். சொத்து பறிபோகாது, குற்றச்சாட்டும் கிடையாது. உடைந்த பூந்தொட்டியைக் கொடுத்தேன். எங்கள் கூட்டத்தில் மட்டை வைத்திருப்பவன் பெயர்தான் ஏகமனதாக வந்தது. மட்டையை வைத்துவிட்டுப் போகட்டும் என்றும் தீர்மானம். சொத்து பறிக்கக்கூடாது என்ற விதியை நினைவூட்ட வேண்டியதாயிற்று.

அதன்பிறகு அரிஸ்டைடீஸ் கதை. எழுதத் தெரியாத ஒரு குடியானவன் தன் சில்லை அரிஸ்டைடீஸிடமே நீட்டி, ஆள் யாரென்று தெரியாமல், "அரிஸ்டைடீஸ் என்று எழுதித் தா" என்கிறான். அவர் உனக்கு என்ன தீங்கு செய்தார் என்று கேட்கிறார். ஒன்றும் செய்யவில்லை, ஆளையே தெரியாது, எங்கே போனாலும் நீதிமான் நீதிமான் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்கிறான். அவர் பேசாமல் எழுதிக் கொடுத்தார் என்கிறார் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க். எழுதிக் கொடுத்தது சரியா, வேறு பெயரை எழுதியிருக்கலாமா என்று பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வேறு பெயரை எழுதியிருக்கலாம் என்ற கட்சிக்கு ஆள் அதிகம். கவலையாகத்தான் இருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் உத்திரமேரூர்க் குடவோலையைக் கொண்டுவந்தான். நல்ல பிடி. அங்கே குடத்திலிருந்து ஓலை எடுத்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள், இங்கே சில்லில் எழுதி ஆளை வெளியேற்றினார்கள். ஏதென்ஸிலும் பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல்தான் என்றதும் அவனுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

ஏப்ரல் 2

முருகன்தான் கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸ், ஸ்கந்தன்தான் அலெக்சாந்தர் என்று நீண்ட பதில் ஒன்று வந்திருக்கிறது. அந்த வழிக்கு நான் வரவில்லை. ஒலி ஒற்றுமையை வைத்துக் கடவுளரை இணைத்துக்கொண்டே போனால் குழந்தைகள் நம்புவார்கள், அதுதான் ஆபத்து.

உண்மையான தொடர்பு இருக்கும்போது பொய்த் தொடர்பு எதற்கு? யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. முசிறியிலிருந்து ஹெர்மபொல்லான் என்ற கப்பலில் போன சரக்கின் கணக்கு கிரேக்க மொழியில் எழுதிய பாப்பிரஸ் ஏட்டில் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. கோவலன் நுழைந்த மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திக் காவல் நின்றவர்கள் யவனர் என்கிறது சிலப்பதிகாரம். யவனர் என்ற பெயரில் கிரேக்கரும் வருவார்கள், ரோமானியரும் மேற்காசியரும் வருவார்கள், அதையும் சொல்லிவிடுங்கள். அந்தக் காவலாளி இரவில் தன் பிள்ளைக்கு என்ன கதை சொல்லியிருப்பான் என்று எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் பாலிஃபீமஸை எழுதினார்கள், ஒருத்தி மட்டும் அவன் ஊருக்குப் போக வேண்டும் என்று அழுததாக எழுதினாள்.

ஏப்ரல் 6

கிரீட் தீவு. காளைத்தலை அரக்கன் மினோட்டாருக்கு இரையாக ஏதென்ஸிலிருந்து ஏழு பையன்கள், ஏழு பெண்கள். கதை எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன். நாசோஸ் அரண்மனைச் சுவரோவியத்தில் பாயும் காளையின் முதுகுக்கு மேல் ஒருவன் கரணம் போடுகிறான். படத்தைக் காட்டி வாயைத் திறக்குமுன் "அலங்காநல்லூர்!" என்றார்கள். திமிலைத் தழுவுவதும் முதுகைத் தாண்டுவதும் ஒன்றல்ல, இரண்டுக்கும் தொடர்பிருப்பதாக ஆதாரமும் இல்லை என்றேன். கேட்பார் இல்லை.

அதே நாசோஸைத் தோண்டிய ஆர்தர் ஈவான்ஸ், படிக்க முடியாத எழுத்துள்ள களிமண் பலகைகளை இலண்டனில் 1936இல் காட்டினார். பார்க்க வந்த பதினான்கு வயதுப் பள்ளிப் பையன் மைக்கேல் வென்ட்ரிஸுக்கு அது பித்தாகவே பிடித்துக்கொண்டது. படித்தது கட்டடக் கலை. 1952இல் அந்த எழுத்தின் புதிரை உடைத்தார். கிரேக்கத்தின் பழைய வடிவம்தான் அது. உள்ளே வீரர் கதை ஒன்றுமில்லை, ஆடு எத்தனை, எண்ணெய் எவ்வளவு என்ற கணக்கு. அரண்மனை எரிந்த தீயில் வெந்ததால்தான் அந்தப் பச்சைக் களிமண் பிழைத்தது. ஊரே அழிந்த தீ கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றியது எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்குத் தாங்க முடியாத நகைச்சுவை. அவன் அப்பா தணிக்கையாளர்.

ஏப்ரல் 17

நேற்று மதுரையில் நிழலில்லா நாள், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இதற்காகத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தோம்.

எகிப்தில் இருந்த அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர், கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ், கோடையில் ஒரு நாள் நண்பகலில் தெற்கே சையீன் என்ற ஊரில் நிழல் விழாது என்று அறிந்தார். அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கினார், பூமியின் சுற்றளவு வந்துவிட்டது. மதுரையும் தில்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் நமக்கு அவரைவிடச் சௌகரியம். தில்லியில் ஒரு பிள்ளையின் பெரியப்பா இருக்கிறார். ஒரு மீட்டர் குச்சியோடு மொட்டை மாடிக்கு அனுப்பப்பட்டார். பகல் 12.20 வாக்கில் இங்கே குழாயின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கியது. அங்கே நிழல் 35 சென்டிமீட்டர் என்றார் தொலைபேசியில். கோணம் 19.3 பாகை. இடைத்தூரம் சுமார் 2,080 கிலோமீட்டர். வந்த விடை ஏறத்தாழ 38,800 கிலோமீட்டர். உண்மை 40,000 சொச்சம். குச்சி சாய்ந்திருந்தது என்று பெரியப்பாவை இன்னும் விடாமல் வறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு 24ஆம் தேதி வாக்கில். தவறவிட்டால் ஆகஸ்டில் இன்னொரு முறை வரும்.

ஏப்ரல் 20

குரோனஸுக்குத் திரும்புகிறேன். பிள்ளை விழுங்கும் கதையைத் தள்ளிப்போடலாம் என்றுதான் எனக்கும் எண்ணம். அவர்களே கேட்டதால் சொன்னேன். பிள்ளையால் தனக்கு அழிவு என்ற வாக்கைக் கேட்டுப் பிறக்கப் பிறக்க விழுங்குகிறான்; ஐந்து பேர் போன பிறகு தாய் ரியா ஆறாவது பிள்ளை ஸீயஸுக்குப் பதில் ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுக்கிறாள். "கம்சன் கதை" என்று முடித்துவிட்டார்கள். பயந்தவர் யாருமில்லை. கம்சன் தாய்மாமன், இவன் தகப்பன், அது மோசம் என்று மட்டும் ஒருவன் சொன்னான்.

கடைசியில் குரோனஸ் கக்கும்போது முதலில் வருவது கல். அந்தக் கல் என்று சொல்லப்பட்ட ஒன்று கிரேக்கத் திருத்தலமான டெல்ஃபியில் இருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பார்த்த கிரேக்கப் பயணி பவுசானியஸ், பெரிய கல் அல்ல, தினமும் அதன்மேல் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று எழுதுகிறார். தெருமுனைப் பிள்ளையாருக்கும் அப்படித்தான் என்றாள் ஒருத்தி. பிளேட்டோ கேட்ட பெரிய பலி எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை, ஒரு பொட்டலம் சுண்டலோடு போயிற்று.

ஏப்ரல் 21

முதலில் கேள்வி கேட்டவருக்கு: மகள் குகையை முடித்துவிட்டு டிராய்க் குதிரையைக் கேட்கிறாள் என்றால், இலியட்டில் தேடாதீர்கள், அதில் குதிரை வராது. அது டிராய் வீரன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரைக் கதையை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் எட்டாம் பகுதியில் ஒரு பாடகன் சுருக்கமாகப் பாடுகிறான். விரிவாக வேண்டுமென்றால் ரோமானியக் கவி வர்ஜிலிடம்தான் போக வேண்டும். இலியட்டிலிருந்து இப்போதைக்கு ஒரு காட்சி மட்டும் போதும்: ஹெக்டரின் தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிரைப் பார்த்துக் கைக்குழந்தை அலற, அவன் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்குவது. மற்றவை பத்து வயதுக்குப் பிறகு.